இரவல் பாட்டுக்கு எத்தனை மார்க்?



விடைத்தாளும் சிவப்பு மையுமாக ஆண்டு முழுவதையும் கழிக்கும் ஓர் ஆசிரியைக்கு, மார்க் போடுவது பற்றிச் சில எண்ணங்கள் தோன்றுவது இயல்பே. 'பத்துக்கு எத்தனை?' என்ற கேள்வி பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுவதில்லை. வீட்டில் வைத்த குழம்புக்கு மார்க் போடுகிறோம். அடுத்த வீட்டுப் பெண்ணின் கோலத்துக்கும் போடுகிறோம். பாட்டுக்கோ கேட்கவே வேண்டாம். ஒரே இசைத்தட்டைக் கேட்ட இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், எது முதல், எது கடைசி என்ற வழக்கு உடனே தொடங்கிவிடும்.

அப்படி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மார்க் வாங்கிக்கொண்டே இருக்கும் இசைத்தட்டு ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் இங்கிலாந்தில் வெளிவந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்பது அதன் பெயர். லிவர்பூல் நகரத்து இளைஞர்கள் நால்வர் சேர்ந்த பீட்டில்ஸ் குழுவின் முதல் நீள் இசைத்தட்டு அது. பக்கத்துக்கு 7 பாட்டாக மொத்தம் 14 பாட்டுகள். அன்று அதை வாங்கிய பள்ளிச் சிறுமிகள் இன்று பாட்டிமார். அவர்களுடைய பேத்திகளும் இன்று அதே 14 பாட்டுகளை வரிசைப்படுத்தி வாதாடுகிறார்கள்.

காதல் பாட்டுகளைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதுவதா என்று மூத்தோர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நான் எழுத வந்தது காதலைப் பற்றி அன்று. மார்க் போடுவதைப் பற்றி. ரசிகர்கள் இந்த 14 பாட்டுகளுக்குப் போடும் மார்க்கில் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து. அந்த அநியாயத்தில் நம்மைப் போன்ற பெண்களுக்குச் சம்பந்தம் உண்டு. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த இசைத்தட்டு உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கில் நான்கு பாட்டுகள் முன்னரே சிறிய இசைத்தட்டுகளாக வந்துவிட்டவை. 'லவ் மீ டூ', 'பி.எஸ். ஐ லவ் யூ' இரண்டும் 1962 அக்டோபரிலும், 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', 'ஆஸ்க் மீ ஒய்' இரண்டும் 1963 ஜனவரியிலும் வெளிவந்தன. மீதிப் பத்தையும் 1963 பிப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். இடம், லண்டன் அபே ரோடில் இருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடம். காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை இரவு பத்தே முக்காலுக்குத்தான் முடிந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஜான் லெனன், ரிங்கோ ஸ்டார் இருவருக்கும் அப்போது வயது 22. பால் மெக்கார்ட்னிக்கு 20. ஜார்ஜ் ஹாரிசனுக்கு 20 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அன்று ஜானுக்குக் கடுமையான ஜலதோஷம். தொண்டையை நாசமாக்கிவிடும் என்று தெரிந்த 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை அதனால் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். இருமல் மிட்டாயும் பாலுமாகத் தொண்டையைத் தேற்றிக்கொண்டு அவர் பாடினார். முதல் முறை பாடியதே இசைத்தட்டில் ஏறியது. இரண்டாம் முறை முயன்றபோது குரல் போய்விட்டிருந்தது. ஒரே நாளில் பத்துப் பாட்டு என்றால் வியப்பாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலும் சொந்த ஊரிலும் இரவிரவாக, மணிக்கணக்காக, மேடையில் நின்று பாடிப் பழகியவர்கள் அவர்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு மட்டும் புத்தகத்தைத் திறக்கும் மாணவியர் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் நீள் இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறிய இது, 30 வாரம் அங்கேயே அமர்ந்திருந்தது. கடைசியில் அதை இறக்கியதும் அந்தக் குழுவின் இரண்டாவது இசைத்தட்டே.

இனி மார்க்குக்கு வருவோம். ரசிகர்கள் போடும் பட்டியல்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். பாலின் உற்சாகமான எண்ணிக்கைக் குரலோடு தொடங்கும் 'ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்', தலைப்புப் பாட்டு, தொண்டை கிழியப் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' ஆகிய மூன்றும் மேலே நிற்கும். மனமே தனக்குத் தஞ்சம் என்று பாடும் 'தேர்ஸ் எ ப்ளேஸ்' பாட்டுக்கு, அதிகம் பேர் அறியாத முத்து என்று வாதாட ஒரு தனிக் கூட்டம் உண்டு. 'லவ் மீ டூ' பற்றி எப்போதும் சண்டைதான். ஒன்றுமில்லாத வெறும் பாட்டு என்பார் ஒருவர். அந்த எளிமையே அதன் அழகு என்பார் மற்றொருவர். அதில் டிரம் வாசித்தவர் யார் என்பது இன்னொரு வழக்கு. அந்தப் பாட்டு இரண்டு விதமாகப் பதிவானது. முதலில் வந்த சிறிய இசைத்தட்டில் வாசித்தவர் ரிங்கோ. நீள் இசைத்தட்டில் உள்ளதில் ஆண்டி ஒயிட் என்ற தொழில்முறை வாத்தியக்காரர் டிரம் வாசிக்க, ரிங்கோ டாம்பரின் தட்டினார்.

பட்டியலின் அடியில் கிடப்பவை எவை? 'செயின்ஸ்', 'பாய்ஸ்', 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' ஆகிய மூன்றும் அங்கேதான் அடிக்கடி காணப்படும். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "அவை இரவல் பாட்டுகள்."

உண்மைதான். பதினான்கில் எட்டு, பாலும் ஜானும் சேர்ந்து இயற்றிய சொந்தப் பாட்டுகள். ஆறு, பிறர் முன்பே பாடியவை. 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள் அல்லவா? இரவல் என்றாலே நமக்கு ஒரு இளப்பம். சொந்தமாக எழுதிய கட்டுரைக்கும் பார்த்து எழுதிய கட்டுரைக்கும் ஒரே மார்க் போட முடியுமா என்று என்னையே கேட்பீர்கள்.

நியாயமான கேள்விதான். இருபது வயதில் சொந்தமாகப் பாட்டுக் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர்களுடைய பெருமை. வேறொருவர் இயற்றிய 'ஹவ் டூ யூ டூ இட்' என்ற பாட்டை ஜார்ஜ் மார்ட்டின் கொண்டு வந்து, இது நிச்சயம் வெற்றி பெறும் என்றார். அவர்கள் அதைப் பாடிப் பதிவும் செய்துவிட்டு, எங்கள் பாட்டையே வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு அதே பாட்டை 'ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ்' குழு பாடி, 1963இல் முதலிடம் பெற்றது. மார்ட்டின் போட்ட மார்க்கும் சரி, இவர்களுடைய பிடிவாதமும் சரி. ஆகவே சொந்த முயற்சிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த விதியை ரசிகர்களே கடைப்பிடிக்கிறார்களா? பட்டியலின் உச்சியில் நிற்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' யாருடையது? அதை இயற்றியவர்கள் பெர்ட் பெர்ன்ஸ், ஃபில் மெட்லி என்ற இருவர். 1961இல் 'டாப் நோட்ஸ்' என்பவர்கள் முதலில் பாடினார்கள். 1962இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஐஸ்லி சகோதரர்கள் பாடிப் புகழ் பெற்றார்கள். அதன் பிறகே பீட்டில்ஸிடம் வந்தது. இரவலுக்கும் இரவல்! அதற்கு மட்டும் பத்துக்குப் பத்து, மற்ற இரவல்களுக்கு மூன்றும் நான்குமா? இரவல் என்பதுதான் குற்றம் என்றால் எல்லாவற்றுக்கும் அதே தண்டனை அல்லவா கிடைக்க வேண்டும்?

உண்மைக் காரணம் வேறு. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை ஜான் உயிரைக் கொடுத்துப் பாடினார். அவ்வளவு உயிர் 'செயின்ஸ்' பாட்டில் விழவில்லை. அதாவது அங்கே குறைந்தது பாடிய விதமே தவிர, பாட்டு அன்று. நாமோ பாடியதற்குப் போட வேண்டிய குறைந்த மார்க்கைப் பாட்டின் தலையிலே கட்டிவிடுகிறோம். அந்தப் பாட்டை முதலில் பாடியவர்களின் தலையிலும் அது விழுகிறது.

அவர்கள் யார் என்று பார்த்தால்தான் அநியாயம் புரியும்.

'செயின்ஸ்' பாட்டை 1962இல் முதலில் வெளியிட்டவர்கள் 'குக்கீஸ்' என்ற கறுப்பினப் பெண்கள் மூவர். பிறர் பாடும் பாட்டுகளுக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பது அவர்களுடைய பிழைப்பு. இயற்றியவர்கள் ஜெரி காஃபின், கரோல் கிங் என்ற நியூயார்க் தம்பதியர். மெட்டமைத்த கரோலுக்கு அப்போது வயது 20. குக்கீஸ் பாடிய அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறியது. பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' முதன்முதல் வந்தபோது இங்கிலாந்துப் பட்டியலில் ஏறியதும் அதே 17ஆம் இடம்தான். ஒன்றைச் சரித்திரத்தின் தொடக்கம் என்கிறோம்; மற்றொன்றைப் பக்கம் நிரப்ப வந்த பாட்டு என்கிறோம்.

'பாய்ஸ்' பாட்டைப் பாருங்கள். அதை 1960இல் பாடியவர்கள் 'ஷிரெல்ஸ்'. ஷெர்லி ஓவன்ஸ், டோரிஸ் கோலி, ஆடி ஹாரிஸ், பெவர்லி லீ என்ற நான்கு கறுப்பினப் பெண்கள். நியூ ஜெர்சி மாநிலத்துப் பசேய்க் நகரத்தில் ஒரே பள்ளியில் படித்த தோழியர். 1957இல் பள்ளித் திறமைப் போட்டிக்காகச் சேர்ந்து பாடத் தொடங்கியவர்கள். அவர்களுடன் படித்த ஒரு பெண் தன் தாயிடம் அழைத்துச் சென்றாள். இசைத்தட்டு நிறுவனம் நடத்திவந்த அந்தத் தாய், ஃபுளோரன்ஸ் கிரீன்பர்க், அவர்களுக்கு வழி திறந்துவிட்டார். அவர்களுடைய முதல் இசைத்தட்டுப் பாட்டு, நால்வரும் தாங்களே சேர்ந்து இயற்றியது. சொந்தப் பாட்டுக் கட்டும் பெருமை லிவர்பூல் பையன்களுக்கு மட்டும் உரியதன்று!

1961 ஜனவரியில் ஷிரெல்ஸ் பாடிய 'வில் யூ லவ் மீ டுமாரோ' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல் முறை. அதற்கும் மெட்டு கரோல் கிங்தான். மெட்டமைத்தபோது வயது 18. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாட்டே 'பாய்ஸ்'. பையன்களை வியந்து பெண்கள் பாடிய பாட்டை ரிங்கோ பல்லவியைக்கூட மாற்றாமல் உற்சாகமாகப் பாடினார் என்று ரசிகர்கள் சிரிப்பது வழக்கம். நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். நான்கு பள்ளித் தோழியர் பாடியது அத்தனை நன்றாக இருந்ததால்தான், கடல் கடந்த பையன்களுக்கு அதை விட மனம் வரவில்லை. ஷிரெல்ஸ் பாட்டு ஒன்று போதாதென்று, 'பேபி இட்ஸ் யூ' என்ற இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஆறு இரவலில் மூன்று, பெண்கள் குழுக்களிடம் வாங்கியவை.

'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' கதை இன்னும் சுவையானது. அந்தத் தலைப்பு ஒரு நாடகத்தின் பெயர். எழுதியவர் லிவர்பூலுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள சால்ஃபர்ட் நகரத்து ஷீலா டெலனி. இங்கிலாந்தில் பிள்ளைகள் பதினொரு வயதில் எழுதி வந்த தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறியவர்களே உயர்ந்த பள்ளிக்குப் போகலாம். அந்தத் தேர்வில் தேறாதவர் ஷீலா. அவர் எழுதிய நாடகம் 1958இல் லண்டனில் அரங்கேறியபோது அவருக்கு வயது 19. அது 1960இல் நியூயார்க் சென்றபோது, பாபி ஸ்காட், ரிக் மார்லோ இருவர் அதற்காக ஆக்கியதே இந்தப் பாட்டு. தேர்வில் மார்க் வாங்காத ஒரு பெண்ணின் எழுத்தில் தொடங்கிய பாட்டு, ரசிகர்களின் பட்டியலிலும் மார்க் வாங்காமல் கிடக்கிறது.

சொந்தப் பாட்டுகளிலும் ஒரு பெண்ணின் நிழல் உண்டு. அந்தப் பிப்ரவரியில் இங்கிலாந்து முழுவதும் சுற்றிய இசை நிகழ்ச்சியில் தலைமைப் பாடகி ஹெலன் ஷப்பிரோ. பீட்டில்ஸ் துணைக் குழுவினரே. ஹெலனுக்கு வயது 16, நம் பதினோராம் வகுப்பு மாணவியர் வயது. 'மிசரி' என்ற பாட்டு அவர் பாடட்டும் என்று எண்ணி எழுதப்பட்டது. அவர் தரப்பில் அதை ஏற்கவில்லை. ஆகவே இவர்களே பாடிவிட்டார்கள்.

இதில் வெறும் பெருமை மட்டும் இல்லை, பிழைப்பும் இருக்கிறது. இசைத்தட்டுத் தொழிலின் வழக்கம் இது: ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் திரும்பப் பாடி வெளியிட்டால், இயற்றியவருக்குப் பங்குப் பணம் போய்ச் சேரும். முதலில் பாடியவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. குரலின் ஏற்ற இறக்கத்தை அவரிடம் கேட்டுக் கற்றிருக்கலாம்; கைதட்டும் இடத்தைக்கூட அவரிடமிருந்து எடுத்திருக்கலாம். கணக்கில் அது வராது. பணம்தான் வரவில்லை, நன்றியாவது வர வேண்டாமா? ரசிகர்களின் மார்க் ஒன்றே அவர்களுக்கு நாம் தரக்கூடிய நன்றி. அதையும் இரண்டும் மூன்றுமாகக் குறைத்துவிட்டால் எப்படி?

பீட்டில்ஸ் மீது நான் குறை சொல்லவில்லை. ஷிரெல்ஸ் குழுவின் மீது தங்களுக்கிருந்த மதிப்பை அவர்கள் ஒளித்ததில்லை. பிடித்ததைப் பாடினார்கள். குறை நம்முடையது. புகழ் பெற்ற நால்வரின் முகத்தைப் பார்த்தே மார்க் போடுகிறோம். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்ப்பதில்லை.

மார்க் என்பதும் எவ்வளவு நிலையற்றது என்று எண்ணிப் பாருங்கள். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டு 1963இல் முதலிடம் பெற்றதா என்று கேட்டால் அதற்கே இரண்டு விடை உண்டு. அந்நாளில் இங்கிலாந்துப் பத்திரிகைகள் தனித்தனியே பட்டியல் போட்டன. சிலவற்றில் அது முதலிடம், ஒன்றில் இரண்டாம் இடம். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை தலைசிறந்த 500 இசைத்தட்டுகள் என்று வெளியிட்ட பட்டியலில், 2012இல் இந்த இசைத்தட்டுக்கு 39ஆம் இடம். 2020இல் புதிதாகப் போட்ட பட்டியலில் இதற்கு இடமே இல்லை. இடைப்பட்ட எட்டு ஆண்டில் பாட்டில் ஒரு ஸ்வரமாவது மாறிற்றா? மார்க் போட்டவர்கள்தாம் மாறினார்கள்.

அப்படியானால் மார்க்கே போடக்கூடாதா? அப்படிச் சொன்னால் என் தொழிலே போய்விடும்! போடுங்கள், வாதாடுங்கள். ஒரு பாட்டை ஏன் பிடிக்கிறது என்று சொல்ல முயலும்போதுதான் அதை நாம் உண்மையாகக் கேட்கிறோம். ஆனால் மூன்று சிறு விதிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, பாட்டுக்கு ஒரு மார்க், பாடியதற்கு ஒரு மார்க் என்று பிரித்துப் போடுங்கள். நாமும் கட்டுரையில் கருத்துக்கும் கையெழுத்துக்கும் தனித்தனியாகத்தானே போடுகிறோம்?

இரண்டு, இரவல் பாட்டு என்று தெரிந்தால், முதலில் பாடியவரைத் தேடிக் கேட்காமல் மார்க் போடாதீர்கள். அன்று லிவர்பூல் இளைஞன் ஒருவன் ஷிரெல்ஸ் இசைத்தட்டைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டியிருந்தது. இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். தேடாமல் இருக்க நமக்குச் சாக்கு இல்லை.

மூன்று, குறைந்த மார்க் போட்டதை ஓராண்டு கழித்து மறுபடியும் கேளுங்கள். விடைத்தாளுக்கே மறுகூட்டல் உண்டே, பாட்டுக்கு இருக்கக்கூடாதா?

நான் அப்படித்தான் செய்தேன். 'செயின்ஸ்' பாட்டுக்கு முன்பு நான் போட்ட மார்க் நான்கு. குக்கீஸ் பாடியதைத் தேடிக் கேட்ட பிறகு பாட்டுக்கு எட்டாக உயர்த்தினேன். பீட்டில்ஸ் பாடியதற்கு ஐந்து. 'பாய்ஸ்' பாட்டுக்கு எவ்வளவு என்று இங்கே சொல்லப் போவதில்லை. முதலில் அந்த நான்கு பள்ளித் தோழியர் பாடியதைக் கேளுங்கள். பிறகு ரிங்கோ பாடியதைக் கேளுங்கள். அதன்பின் உங்கள் மார்க்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள். வாதாட நான் தயார்.